ஹாஸ்கெல் யாருக்கு, எந்த வேலைக்கு? கை வைக்கும் முன் ஒரு வழிகாட்டி

ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்று ஏதோ ஒன்றில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, "ஃபங்ஷனல் மொழி ஒன்றைக் கற்றுக்கொள்ளலாமா, ஆபீஸ் ப்ராஜெக்ட்டில் பயன்படுத்தலாமா" என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ப்ரோக்ராமை ஃபங்ஷன்களாகவே கோத்து எழுதும் அந்த வகை மொழிகளில் ஒன்றுதான் ஹாஸ்கெல். எங்கள் டீமில் ஒரு பில்லிங் சர்வீஸை ஹாஸ்கெலில் எழுதி ஓடவிட்டிருக்கிறோம். மொழியைக் கற்கப் பட்ட பாடு கொஞ்சம்தான். அது எங்கே பொருந்தும், யாரை உட்கார வைப்பது, எந்த மெஷின் வேண்டும், மேலே என்ன எழுதிக் கொடுப்பது என்பதற்கெல்லாம் விடை தேடித்தான் அதிகம் அலைந்தோம். இணையத்தில் கிடைப்பது ஒன்று மொழியின் புகழ்மாலை, இல்லையென்றால் கணிதப் பாடம். இடையில் விடுபட்டுப்போகும் நடைமுறை விஷயங்களை மட்டும் இங்கே வரிசையாகத் தருகிறேன். ஹாஸ்கெலை வைத்தே பேசுகிறேன். அதன் பங்காளிகளான மற்ற ஃபங்ஷனல் மொழிகள் 5-ஆம் படியில் வருகின்றன.

1. முதலில் வேலையை எடை போடுங்கள்

உங்கள் ப்ராஜெக்ட்டை எதிரில் வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். தப்பு நடந்தால் யாருக்கு எவ்வளவு நஷ்டம்? விதிகள் எத்தனை, எவ்வளவு அடிக்கடி மாறும்? இந்தக் கோட் எத்தனை வருடம் ஓட வேண்டும்? நஷ்டம் பெரிது, விதிகள் ஏராளம், ஆயுளும் நீளம் என்றால் ஹாஸ்கெலை யோசிக்கலாம். மூன்றில் ஒன்றுக்கு மட்டும் ஆமாம் என்றால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இது வெறும் ஊகமில்லை. ஹாஸ்கெல் ஏற்கெனவே ஓடும் இடங்களைப் பாருங்கள். ஃபேஸ்புக்கில் ஸ்பாமையும் மோசடியையும் வடிகட்டும் 'சிக்மா' விதி எஞ்சினை ஹாஸ்கெலுக்கு மாற்றியதை 2015-இல் அந்த நிறுவனமே எழுதியது. நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் கோரிக்கைகள் வரும் இடம் அது, விதிகளும் நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி 'மு' என்ற பெயரில் ஹாஸ்கெலின் சொந்த வடிவம் ஒன்றையே வைத்திருக்கிறது. நமக்குப் பக்கத்தில் பெங்களூரில் ஹாஸ்கெலைப் பயன்படுத்தும் பணப் பரிவர்த்தனை நிறுவனமான ஜஸ்பே இருக்கிறது. ஆட்டோ பிடிக்கும் 'நம்ம யாத்ரி' செயலியின் பின்புலமும் ஹாஸ்கெல்தான். அதன் கோட் பொதுவில் திறந்தே கிடக்கிறது. ஒரு மாலை உட்கார்ந்து படித்துப் பாருங்கள், பத்துக் கட்டுரை படிப்பதைவிட அதிகம் புரியும்.

இன்னொரு ரகம், ஒரு வடிவத்தில் உள்ளதை வேறு வடிவத்துக்கு மாற்றும் கருவிகள். ஆவணங்களை மாற்றும் பேன்டாக், ஷெல் ஸ்கிரிப்ட்டில் தப்பு கண்டுபிடிக்கும் ஷெல்செக், எல்ம் மொழியின் கம்பைலர், டேட்டாபேஸை அப்படியே ஏ.பி.ஐ. ஆக்கித் தரும் போஸ்ட்கிரெஸ்ட் எல்லாமே ஹாஸ்கெலில் எழுதியவை. பழைய சிஸ்டத்தின் ஃபைலைப் படித்துப் புது சிஸ்டத்துக்குத் தள்ளும் வேலை உங்கள் ஆபீஸில் இருந்தால் இந்த ரகத்தில்தான் சேரும்.

மறுபக்கமும் உண்டு. ஹசூரா நிறுவனம் தன் கிராஃப்கியூஎல் (டேட்டாவைக் கேட்டு வாங்கும் மொழி) எஞ்சினை 2-ஆம் பதிப்பு வரை ஹாஸ்கெலில் வைத்திருந்தது, 3-ஆம் பதிப்பை ரஸ்ட்டில் எழுதியது. நன்றாக ஓடிய ஒன்றையே மாற்றி எழுதும் நிலை வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

2. இந்த வேலைகளுக்கு வேண்டாம்

ஆண்ட்ராய்டு, ஐஃபோன் செயலிகள். மெஷின் லேர்னிங் மாடல் பயிற்சி (லைப்ரரிகள் எல்லாம் பைத்தான் பக்கம்). சின்ன மைக்ரோகன்ட்ரோலர்கள். மில்லிசெகண்ட் பிசகக்கூடாத கட்டுப்பாட்டு வேலைகள், ஏனென்றால் பயன்படாத மெமரியைத் தானாகத் துடைக்கும் கார்பேஜ் கலெக்டர் எப்போது குறுக்கிடும் என்று உறுதி சொல்ல முடியாது. அடுத்த மாதம் டெமோ காட்ட வேண்டிய, நான்கு ஃபார்மும் ஒரு டேஷ்போர்டும் உள்ள சைட். கடைசியில் சொன்னதை ஹாஸ்கெலில் செய்ய முடியாது என்றில்லை. ஆனால் வெப் ஃப்ரேம்வொர்க்குகளான ஜாங்கோவிலோ லாராவெலிலோ கையில் தயாராகக் கிடைக்கும் அட்மின் பக்கமும் லாகினும் இங்கே உங்கள் தலையில் விழும்.

3. என்ன கிடைக்கிறது என்பதை ஒரு பில்லில் பாருங்கள்

மொழியின் சிறப்பு என்று பலரும் அடுக்குவதில் எங்களுக்கு உண்மையாகவே காசு மிச்சப்படுத்தியது ஒன்றுதான். நடக்கக்கூடாத நிலையை எழுதவே முடியாதபடி டைப்பை, அதாவது டேட்டாவின் வகையை, அமைத்துவிடலாம். ஜி.எஸ்.டி.யை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக் கடை தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால் மத்திய அரசின் சி.ஜி.எஸ்.டி., மாநிலத்தின் எஸ்.ஜி.எஸ்.டி. இரண்டும் சரிபாதி. கர்நாடகத்துக்கு விற்றால் மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. மட்டும். வழக்கமாக நாம் பில்லின் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் மூன்று ஃபீல்டு வைத்து, தேவையில்லாததில் பூஜ்யம் போடுவோம். மூன்றிலும் எண் நிரம்பிய ஒரு ஐட்டம் ஒருநாள் டேட்டாபேஸில் வந்து உட்காரும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போதுதான் கண்ணில் படும்.

ஹாஸ்கெலில் அதன் உருவம் இப்படி (பெயர்களைத் தமிழில் போட்டுக் காட்டுகிறேன்):

வரி = மாநிலத்துக்குள் (விகிதம்)
| மாநிலம் தாண்டி (விகிதம்)

அந்தக் குறுக்குக் கோட்டுக்கு 'அல்லது' என்று பொருள். ஒரு ஐட்டத்தின் வரி இதுவாக இருக்கும், இல்லையென்றால் அதுவாக இருக்கும். இரண்டும் சேர்ந்த ஒன்றை உருவாக்க வழியே இல்லை. எஸ்.ஜி.எஸ்.டி. எவ்வளவு என்பதைச் சேமிப்பதும் இல்லை, விகிதத்திலிருந்து கணக்கிட்டுக்கொள்கிறோம்.

இப்போது சண்டிகரில் ஒரு கிளை திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது யூனியன் பிரதேசம், அங்கே எஸ்.ஜி.எஸ்.டி.க்குப் பதில் யூ.டி.ஜி.எஸ்.டி. மூன்றாவதாக ஒரு குறுக்குக் கோடு போட்டு, 'யூனியன் பிரதேசத்துக்குள் (விகிதம்)' என்று சேர்க்கிறீர்கள். கம்பைல் செய்தவுடன், பில் அச்சிடும் இடம், ரிட்டர்ன் தயாரிக்கும் இடம், பணம் திருப்பித் தரும் இடம் என்று புது வகையைக் கவனிக்காத ஒவ்வொரு ஃபங்ஷனையும் லைன் நம்பரோடு கம்பைலர் வரிசையாகக் காட்டும். அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே முடித்தால் வேலை முடிந்தது. எங்கள் டெஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "இந்த லிஸ்ட்டை எடுக்கத்தானே அண்ணா நான் ஒரு வாரம் உட்காருவேன்" என்றாள்.

இங்கே இரண்டு பொறி உண்டு. ஒன்று, இந்த எச்சரிக்கை தானாக வராது. 'டபிள்யூ-ஆல்' (-Wall) என்ற கம்பைலர் கொடியைப் போட்டால்தான் வரும். எச்சரிக்கையைப் பிழையாகவே மாற்றும் 'டபிள்யூ-எரர்' (-Werror) கொடியையும், கோட் சேரும்போதெல்லாம் தானாகக் கட்டிச் சோதிக்கும் சி.ஐ.யில் சேர்த்துவிடுங்கள். இதை முதல் நாளே செய்யாமல் ஆறு மாதம் கழித்துப் போட்டால் எச்சரிக்கைகள் வெள்ளமாக வரும், யாரும் படிக்க மாட்டார்கள்.

இரண்டாவது பொறி காசில் கை வைக்கும். ஹாஸ்கெலின் 'ரவுண்ட்' ஃபங்ஷன் சரிபாதியாக வரும் எண்ணைப் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும். 3.5 என்றால் 4 தரும், 2.5 என்றால் 2 தரும். சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-ஆம் பிரிவோ 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக ஏற்று என்கிறது. ஆகவே சொந்தமாக ஒரு ரவுண்டிங் ஃபங்ஷன் எழுதி, அதை மட்டுமே எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். பணத்தைத் தசமப் புள்ளி டபுளில் வைக்காமல் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். (பைத்தான் 3-இன் ரவுண்டும் இதே போலத்தான். அங்கிருந்து வருகிறவர்கள் பழைய கோடையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.)

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கும் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு விற்றால்கூட சட்டப்படி அது மாநிலம் தாண்டிய விற்பனை. இதை எந்த டைப்பும் உங்களுக்குச் சொல்லித் தராது. விதி தெரிந்த ஆடிட்டர் பக்கத்தில் இருந்தால்தான் அந்த விதியைப் பூட்டிவைக்க ஹாஸ்கெல் உதவும்.

4. யார் உட்கார வேண்டும்

கணிதம் தெரிந்திருக்க வேண்டுமா என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. வேண்டியதில்லை. பிளஸ் டூ-வில் படித்த 'சார்பு' நினைவிருந்தால் தாராளம். நான் பார்த்தவரை வேறு சில குணங்கள்தான் ஆளைத் தீர்மானிக்கின்றன.

கோட் எழுதும் முன் ஒரு தாளில் 'இப்படி வந்தால் என்ன, அப்படி வந்தால் என்ன' என்று கட்டம் போடுகிறவர் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார். எஸ்.க்யூ.எல்.லை ரசித்து எழுதுகிறவரும் அப்படியே. எனக்கு எது வேண்டும் என்று சொல்லிவிட்டு, எப்படி எடுப்பது என்பதை டேட்டாபேஸிடம் விட்டுவிடும் பழக்கம் அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. பிழைச் செய்தியை முழுதாகப் படிக்கிற பொறுமை மிக முக்கியம். கம்பைலர் 'எதிர்பார்த்த டைப் இது, கிடைத்த டைப் இது' என்று இரண்டையும் கீழும் மேலுமாகப் போட்டுக் காட்டும். அதைப் படிக்காமல் அப்படியே தேடுபொறியில் ஒட்டுகிறவர் இரண்டே வாரத்தில் சலித்துவிடுவார்.

"முதலில் ஓடவிடுவோம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிற கை வேகக்காரர்களைத் தயவுசெய்து இதில் தள்ளாதீர்கள். அவர்கள் மோசமான ப்ரோகிராமர்கள் இல்லை. ஸ்டார்ட்அப்பில் வெள்ளிக்கிழமை டெமோவைக் காப்பாற்றுவது அவர்கள்தான். பாதி எழுதியதை ஓட்டிப் பார்க்க விடாத ஒரு மொழி அவர்களுக்கு மூச்சுமுட்டும்.

அனுபவத்துக்கும் வேகத்துக்கும் நேர் உறவு கிடையாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் பல நேரம் சீனியர்களை முந்துகிறார்கள். பத்து வருடம் ஃபார் லூப் எழுதிய கை, ஒருமுறை வைத்த மதிப்பு மாறாத வேரியபிளை ஒப்புக்கொள்ளச் சண்டை போடும். சீனியர்களை ஒதுக்கச் சொல்லவில்லை, அவர்களுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். மறு கற்றலின் முதல் சில வாரங்கள் கௌரவப் பிரச்சினையாகவும் இருக்கும். ரிவ்யூ கமென்ட்டுகளை டீம் சானலில் போடாமல் தனியாகச் சொல்லுங்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கேம்பஸ் இன்டர்வியூவில் கேட்பது பெரும்பாலும் ஜாவா, பைத்தான், சி++ தான். சென்னையில் ஹாஸ்கெல் வேலை அரிது. வேலை கிடைப்பதற்காக மட்டும் என்றால் இதைத் தள்ளிப்போடுங்கள். டைப், ரிகர்ஷன், பக்கவிளைவு இல்லாத ஃபங்ஷன் இவை கைவந்தால் எந்த மொழியிலும் உங்கள் கோட் திருந்தும் என்பதற்காகக் கற்கலாம்.

ஆள் கணக்கு: ஒருவர் மட்டும் போதவே போதாது, இருவர் குறைந்தபட்சம், மூவர் இருந்தால் நிம்மதி. நம் ஊர் கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியட் இரண்டு மாதமோ மூன்று மாதமோ இருக்கும். தெரிந்த ஒரே ஆள் பேப்பர் போட்டுவிட்டால், புதியவர் மொழியையும் கற்று உங்கள் கோடையும் புரிந்துகொள்ள அந்த அவகாசம் இழுபறிதான். ஹாஸ்கெல் தெரிந்தவரைத் தேடுவதைவிட, உங்கள் துறை தெரிந்தவருக்கு ஹாஸ்கெல் கற்றுத் தருவது மலிவு.

5. ஹாஸ்கெல்தானா, பங்காளிகளில் ஒருவரா

ஃபங்ஷனல் மொழி வேண்டும் என்று முடிவாகிவிட்டால் ஹாஸ்கெல்தான் என்று கட்டாயமில்லை. உங்கள் ஆபீஸ் ஏற்கெனவே எந்தத் தளத்தில் நிற்கிறது என்று பாருங்கள். டாட்நெட் கடை என்றால் எஃப் ஷார்ப். டாட்நெட் எஸ்.டி.கே.வோடு அதுவும் சேர்ந்தே வருகிறது, தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஜாவா கடை என்றால் ஸ்காலா, அல்லது அடைப்புக்குறிகளுக்குப் பயமில்லை என்றால் குளோஷர். உள்ளே இருக்கும் ஜாவா லைப்ரரிகள் எல்லாம் அப்படியே கைகொடுக்கும்.

சாட், நேரடி அறிவிப்பு, லட்சக்கணக்கான இணைப்பு ஒரே சமயத்தில் திறந்திருக்கும் வேலை என்றால் ஹாஸ்கெலைவிட எலிக்ஸிர், எர்லாங் பக்கம் போவதே என் சிபாரிசு. வாட்ஸ்அப் எர்லாங்கில் வளர்ந்தது, டிஸ்கார்ட் எலிக்ஸிரைப் பயன்படுத்துகிறது. ஒரு ப்ராசஸ் விழுந்தால் மற்றவை பாதிக்காமல் அதை மட்டும் திரும்ப எழுப்பும் ஏற்பாடு அந்த இரு மொழிகளும் ஓடும் 'பீம்' மெஷினிலேயே இருக்கிறது. கற்பதும் சுலபம், ஏனென்றால் ஹாஸ்கெல் அளவுக்கு டைப் கெடுபிடி இல்லை. அதனாலேயே 3-ஆம் படியில் சொன்ன காவல் அதே அளவுக்கு அங்கே கிடைக்காது.

ஓகேமல் நடுவழி. டைப் காவல் உண்டு, கம்பைல் வேகமாக நடக்கும், தேவைப்பட்டால் சாதாரண லூப்பும் எழுதலாம். ஜேன் ஸ்ட்ரீட் வர்த்தக நிறுவனம் அதில்தான் ஓடுகிறது. பிரவுசர் பக்கம் மட்டும்தான் உங்கள் வேலை என்றால் டைப்ஸ்கிரிப்ட்டின் யூனியன் டைப்களை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே பாதிப் பலன் வந்துவிடும்.

6. மெஷினும் நிறுவலும்

ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஹெச்சி இலவசம். செலவு வருவது ரேமில். எடிட்டரில் டைப் காட்டி உதவும் லாங்குவேஜ் சர்வர் நடுத்தர ப்ராஜெக்ட்டிலேயே சில ஜி.பி. ரேமை விழுங்கும். 16 ஜி.பி. இருந்தால் வசதி. 8 ஜி.பி. லேப்டாப்தான் இருக்கிறது என்றால் லாங்குவேஜ் சர்வரை அணைத்துவிட்டு 'ஜிஹெச்சிஐடி' என்ற சின்னக் கருவியை ஒரு டெர்மினலில் ஓடவிடுங்கள். ஃபைலைச் சேமித்தவுடன் பிழைகளைக் காட்டும், அவ்வளவு போதும். ஒவ்வொரு ஜிஹெச்சி பதிப்பும் டிஸ்க்கில் ஜி.பி. கணக்கில் இடம் பிடிக்கும், பழையதை அவ்வப்போது நீக்கிவிடுங்கள்.

லினக்ஸில் ஆப்ட் என்ற பேக்கேஜ் கருவி வழியாக நிறுவாதீர்கள், பழைய பதிப்புதான் வரும். டெபியன் 12-இல் கிடைப்பது ஜிஹெச்சி 9.0.2. 'ஜிஹெச்சி-அப்' என்ற நிறுவியைப் பயன்படுத்துங்கள். அதன் திரையில் ஒவ்வொரு பதிப்புக்கும் எதிரே குறிச்சொற்கள் இருக்கும். 'லேட்டஸ்ட்' என்பதன் மீது ஆசைப்படாமல் 'ரெகமண்டட்' என்பதை எடுங்கள். கூடவே லாங்குவேஜ் சர்வர் அந்தப் பதிப்பை ஆதரிக்கிறது என்ற குறியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது பொருந்தாததால் "எடிட்டர் வேலை செய்யவில்லை" என்று வந்த புகார்கள்தான் எங்கள் டீமில் முதல் மாதம் முழுக்க.

விண்டோஸில் யூசர் பெயரில் இடைவெளி இருந்தால் தலைவலி வரும், இடைவெளி இல்லாத ஃபோல்டரில் நிறுவுங்கள். ஆன்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலையும் நோண்டுவதால் கம்பைல் இழுத்தடிக்கும், அந்த ஃபோல்டருக்கு விலக்குக் கேளுங்கள். கார்ப்பரேட் நெட்வொர்க் என்றால் பேக்கேஜ் களஞ்சியமான ஹேக்கேஜ், ஜிஹெச்சி-அப்பின் டவுன்லோடு முகவரி, கிட்ஹப் மூன்றையும் ப்ராக்ஸியில் திறந்துவிடச் சொல்லி ஐ.டி. டிபார்ட்மென்ட்டுக்கு முதலிலேயே டிக்கெட் போட்டுவிடுங்கள். இந்த டிக்கெட் நகர்வதற்குள் பாதிப் பாடம் முடித்துவிடலாம்.

பில்டுக்கு 'கேபல்', 'ஸ்டேக்' என்று இரண்டு கருவிகள் உண்டு. எது சிறந்தது என்ற சண்டையில் நேரம் போக்க வேண்டாம், கேபலோடு தொடங்குங்கள். லைப்ரரி பதிப்புகளை 'ஃப்ரீஸ்' கட்டளையால் பூட்டி, அந்த ஃபைலையும் ரெப்போவில் சேருங்கள்.

7. கற்பதற்கான நேரம்

தினம் ஒரு மணி நேரம் வைத்தால் ஒரு மாதத்தில் சின்னச் சின்ன ப்ரோக்ராம்கள் எழுதலாம். ஆபீஸ் கோடில் பயமில்லாமல் கை வைக்க இன்னும் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். இதைக் குறைத்துச் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

பாடத்துக்குக் காசு தேவையில்லை. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர்கள் மாதவன் முகுந்த், எஸ்.பி. சுரேஷ் இருவரும் நடத்திய ஹாஸ்கெல் வகுப்புகள் ஆன்லைன் பாடத் தளமான என்.பி.டெல்.லில் வீடியோவாக இருக்கின்றன. பார்க்கக் கட்டணம் இல்லை. சொல்லித் தரும் வேகம் நிதானமானது, தொடக்கத்துக்கு அதையே முதலில் சொல்வேன். பயிற்சிக் கணக்குகளுக்கு ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் இலவச ஆன்லைன் பாடம். அங்கே விடைகளைக் கருவியே சரிபார்த்துவிடும். ஒன்றைப் பார்த்து மற்றொன்றில் பயிற்சி செய்வது நன்றாக ஒத்துவருகிறது.

'மோனாட் என்றால் என்ன' என்று விளக்கும் கட்டுரைகளை முதல் மாதம் தொடாதீர்கள். அது புரிந்தால்தான் மேலே போக முடியும் என்று ஒரு வதந்தி. உண்மையில் படிகளை வரிசையாக எழுத உதவும் 'டூ' பிளாக்கை வைத்து ஃபைலைப் படிக்கவும் எழுதவும் பழகிவிட்டால், பின்னால் இருக்கும் கருத்து மெல்ல மெல்லத் தானாக விளங்கும்.

லைப்ரரிகளின் கையேடு விஷயத்தில் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஹேக்கேஜில் பல பேக்கேஜ்களுக்கு ஃபங்ஷனின் பெயரும் டைப்பும் மட்டும்தான் இருக்கும், உதாரணம் இருக்காது. அதற்கு ஈடாக 'ஹூகிள்' என்ற தேடல் இருக்கிறது. ஒரு பட்டியலும் ஒரு நிபந்தனையும் கொடுத்தால் பட்டியல் திரும்ப வரும் ஃபங்ஷன் வேண்டும் என்று டைப்பையே தட்டித் தேடலாம். இந்தப் பழக்கம் வந்தபின் பெயர் தெரியாத ஃபங்ஷன்களையும் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

8. முதல் ப்ராஜெக்ட்டாக எதை எடுப்பது

மெயின் சர்வீஸைத் தொடாதீர்கள். ஓரமாக ஓடுகிற, விழுந்தாலும் யாரும் ராத்திரி போன் செய்யாத ஒரு கருவியை எடுங்கள். வங்கி ஸ்டேட்மென்ட்டையும் நம் கணக்கையும் ஒப்பிட்டு வித்தியாசம் காட்டும் ஸ்கிரிப்ட் அருமையான தேர்வு. ஃபைல் உள்ளே வரும், விதிகள் ஓடும், அறிக்கை வெளியே போகும். பழைய பைத்தான் ஸ்கிரிப்ட்டையும் பக்கத்திலேயே ஓடவிட்டு, இரண்டின் விடையும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு மாதக் கணக்கை முடிக்கும்வரை ஒப்பிடுங்கள். வித்தியாசம் வரும் இடங்களில் சில சமயம் பழைய ஸ்கிரிப்ட்தான் தப்பு. அப்படி ஒன்று சிக்கினால் ஆதாரத்தோடு பத்திரப்படுத்துங்கள், அடுத்த படியில் உதவும்.

லைப்ரரிகளைக் குறைவாக வையுங்கள். எழுத்துக்கு 'டெக்ஸ்ட்', தொகுப்புகளுக்கு 'கன்டெய்னர்ஸ்', ஜேசனுக்கு 'ஏசான்', இவை போதும். மொழியோடு வரும் 'ஸ்ட்ரிங்' ஒவ்வோர் எழுத்தையும் சங்கிலியாகக் கோத்து வைக்கும் பட்டியல். பெரிய ஃபைலை அதில் படித்தால் ரேம் பறந்துவிடும். நுட்பமான டைப் வித்தைகளை முதல் வருடம் தள்ளி வையுங்கள். கெட்டிக்காரர் ஒருவர் எழுதி, மற்ற இருவர் திறக்கவே அஞ்சும் கோட்தான் ஹாஸ்கெல் ப்ராஜெக்ட்டுகளை முடித்து வைக்கிறது.

9. மேலே எழுதிக் கொடுக்க வேண்டியவை

மேனேஜருக்கு ஒரே பக்கத்தில் குறிப்பு கொடுங்கள். எந்த வேலை, தப்பின் விலை எவ்வளவு, யார் யார் கற்கிறார்கள், எத்தனை மாதம், எப்போது 'சரிவராது' என்று முடிவெடுப்போம், அப்படி முடிவானால் பழையதற்கு எப்படித் திரும்புவோம். கடைசி இரண்டையும் எழுதாத குறிப்புக்குக் கையெழுத்து வாங்குவது கஷ்டம். "மொழி அழகானது" என்ற வாக்கியம் அதில் எங்கும் இருக்க வேண்டாம். அவர் கேட்கப்போகும் கேள்வி, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டா யாருப்பா பாப்பா?" என்பதுதான். 4-ஆம் படியின் ஆள் கணக்கை அதற்குப் பதிலாக வையுங்கள்.

செலவுப் பட்டியலில் ரேம் கூட்டும் செலவு, சி.ஐ. நிமிடங்கள், கற்கும் மாதங்களில் குறையும் வேலை, மூன்றையும் காட்டுங்கள். மூன்றாவதை மறைத்தால் இரண்டாம் மாதமே கேள்வி வரும்.

லைசென்ஸ் பட்டியல் ஒன்றும் தேவை. பெரும்பாலான ஹாஸ்கெல் பேக்கேஜ்கள் பி.எஸ்.டி. அல்லது எம்.ஐ.டி. லைசென்ஸில் இருப்பதால் சிக்கல் குறைவு. ஒரு விதிவிலக்கு: பெரிய முழு எண்களுக்காக ஜிஹெச்சி வழக்கமாகச் சேர்த்துக்கொள்ளும் ஜி.எம்.பி. லைப்ரரி, பகிரும்போது நிபந்தனை போடும் எல்.ஜி.பி.எல். வகை. உங்கள் சொந்த சர்வரில் ஓட்டினால் பிரச்சினை இல்லை. மூடிய மென்பொருளாக, லைப்ரரிகளையும் உள்ளேயே அடக்கி முழுதும் ஸ்டாட்டிக்காகக் கட்டி வாடிக்கையாளருக்கு பைனரி தருவதாக இருந்தால் சட்டப் பிரிவிடம் முன்பே கேட்டுவிடுங்கள். டெலிவரிக்கு முந்தைய வாரம் இது கிளம்பினால் யாருக்கும் தூக்கம் வராது.

10. ப்ரொடக்ஷனுக்குப் போகும் முன்

சி.ஐ.யில் கேபலின் ஸ்டோர் ஃபோல்டரை கேஷ் செய்யுங்கள். இல்லையென்றால் எல்லா லைப்ரரிகளும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கம்பைல் ஆகும். வெப் லைப்ரரிகள் இருந்தால் சின்ன மெஷினில் அரை மணி நேரம் சாதாரணமாகப் போகும்.

ப்ரோக்ராமை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே இமேஜாகப் பொதியும் டாக்கரில் இரண்டு கட்டமாகக் கட்டுங்கள். ஜிஹெச்சி இருக்கும் இமேஜ் மிகப் பெரியது, அதில் கம்பைல் செய்து பைனரியை மட்டும் சின்ன இமேஜுக்கு மாற்றுங்கள். அந்தச் சின்ன இமேஜில் ஜி.எம்.பி. லைப்ரரியும் சி.ஏ. சான்றிதழ்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்னது இல்லாவிட்டால் ப்ரோக்ராம் தொடங்கவே தொடங்காது. பின்னது இல்லாவிட்டால் தொடங்கும், ஆனால் வெளியே செல்லும் முதல் ஹெச்.டி.டி.பி.எஸ். அழைப்பில் விழும்.

தமிழில் பெயர், முகவரி வரும் சிஸ்டம் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். சின்ன இமேஜ்களில் மொழியையும் எழுத்துக் குறியாக்கத்தையும் சொல்லும் லொக்கேல் அமைப்பு காலியாக இருக்கும். உங்கள் லேப்டாப்பில் அழகாக ஓடிய ப்ரோக்ராம், சர்வரில் முதல் தமிழ் எழுத்தை லாகில் எழுதப் போகும்போது 'எழுத்தைக் குறியாக்க முடியவில்லை' என்ற பிழையோடு செத்துவிடும். அந்த இமேஜை ஓட்டும் கன்டெய்னரின் 'லாங்' (LANG) மாறியை 'சி.யூ.டி.எஃப்-8' (C.UTF-8) என்று வைத்தால் தீர்ந்தது. அதோடு, பிழை தேட 'ஷோ' ஃபங்ஷனால் அச்சிட்டால் 'தமிழ்' என்ற சொல் \2980\2990\3007\2996\3021 என்று எண்களாகத்தான் வரும். டேட்டா கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், டெக்ஸ்ட் லைப்ரரியின் அச்சிடும் ஃபங்ஷனால் பார்த்தால் சரியாகத் தெரியும்.

ஹாஸ்கெல் ஒரு கணக்கை, விடை தேவைப்படும்வரை தள்ளிப்போடும். வசதிதான், ஆனால் கூட்டல் ஒன்று செய்யாமலே லட்சம் 'பிறகு செய்கிறேன்' சீட்டுகளாக மெமரியில் குவியும் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. பட்டியலைக் கூட்டிச் சுருக்கும் இடங்களில் 'ஃபோல்ட்-எல்' (foldl) வேண்டாம், பெயருக்குப் பின் மேற்கோள் குறி போட்ட அதன் தம்பியைப் (foldl') பயன்படுத்துங்கள். ரெக்கார்டில் வரும் எண் ஃபீல்டுகளுக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டு உடனே கணக்கிட வையுங்கள். 'ஹெட்' போல, காலிப் பட்டியல் வந்தால் ஓடும்போதே வெடிக்கும் ஃபங்ஷன்களைத் தவிருங்கள். ஜிஹெச்சி 9.8 முதல் அதற்கு எச்சரிக்கையும் வருகிறது.

கடைசியாக ரன்டைம் அமைப்பு. ஜிஹெச்சி தானாக மெமரிக்கு உச்சவரம்பு வைக்காது. கன்டெய்னருக்கு 512 எம்.பி. கொடுத்திருந்தால் அது பாட்டுக்கு வளர்ந்து, எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் கொன்றுவிடும். ரன்டைம் கொடிகளில் 'எம்' (-M) கொடியால் அந்த 512-ஐவிடக் கொஞ்சம் குறைவாக வரம்பு வையுங்கள், அப்போது மெமரி தீர்ந்தது என்ற செய்தியாவது லாகில் இருக்கும். கோர் எண்ணிக்கைக்கான 'என்' (-N) கொடியை எண் இல்லாமல் விடாதீர்கள். விட்டால் 32 கோர் சர்வரில் 2 கோர் ஒதுக்கிய கன்டெய்னர்கூட முப்பத்திரண்டுக்கும் ஆள் அனுப்பி, கார்பேஜ் கலெக்ஷனில் நேரத்தைக் கரைக்கும். ஒதுக்கிய எண்ணையே எழுதுங்கள். இந்த இரண்டு கொடிகளும் உங்கள் டிப்ளாய்மென்ட் ஃபைலில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே டிராஃபிக்கைத் திருப்புங்கள்.